வீரசிங்கம் மாமா செத்த பாட்டு

“பொணம் எங்க தம்பி?” என்று கேட்டாள் இராக்கம்மா.

மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த ஜெயரூபன் அப்படியே நின்றான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. லயத்து வீட்டு வரிசையின் இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்தாயிற்று. வயர் இழுத்தாயிற்று. தெமோதரைப் பக்கமிருந்து வந்த மழைகூட நல்ல புத்தி வந்து வேறு தோட்டத்துக்குப் போயிருந்தது.

“பொணமெல்லாம் இல்லக்கா. நீங்க ஒப்பாரியப் பாடுறீங்க, நாங்க ரெக்கோட் பண்ணிக்கிறோம். அவ்வளவுதான்.”

“நல்லாருக்கே கத! பொணம் இல்லாம ஒப்பாரி பாடினா, பாட்டு பொணத்தத் தேடிக்கிட்டு வரும். இந்த லயத்துலயே சீக்காளி நாலு பேரு கெடக்காங்க. எந்த வீட்டுக்கு அனுப்பட்டும், சொல்லுங்க.”

கல்லுமலைத் தோட்டத்தில் இராக்கம்மா வந்து ஒரு பாட்டம் அழாமல் சவப்பெட்டி தூக்கமாட்டார்கள். கொழுந்து பறிக்கும்போது ஊர்வம்பெல்லாம் பேசிச் சிரிக்கிறவள், சாவு வீட்டு வாசலில் கால் வைத்தால் போதும், செத்தவனுக்குக் கடன் கொடுத்தவன்கூட அழுதுவிடுவான். அவளை நம்பித்தான் ஜெயரூபன் பதுளையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தான்.

அவனுக்கு வேறு வழியும் இல்லை. எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு பெரிய ஹோட்டல் நாட்டார் இசைவிழா நடத்தப்போகிறது. கொழுந்து பறிக்கிறவர்களின் துயரத்தை வெள்ளைக்காரர்கள் புல்தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கேட்கிற விழா. கலந்துகொள்ளும் குழுக்களுக்கு ஒரே நிபந்தனை. பாட்டு பரம்பரையாக வந்ததாக இருக்கவேண்டும், யாருடைய சொந்த மெட்டாகவும் இருக்கக்கூடாது.

“சொந்த மெட்டு வேண்டாமாம். அவையள் உன்னைத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கினம் போல” என்று சொல்லிச் சிரித்தான் சிந்துஜன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகம். விடுமுறை நாட்களில் மடிக்கணினியும் கீபோர்டுமாக ‘ஊவா வேர்’ இசைக்குழுவில் பாதி. மற்றப் பாதி ஜெயரூபன்.

சிந்துஜன் சிரித்ததற்குக் காரணம் உண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் ஜெயரூபன் சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தமாகப் பாடி, ‘பனிக்காதல்’ என்று ஒரு சீடி வெளியிட்டிருந்தான். கடைக்காரர்கள் வாங்கவில்லை. சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், ஆனால் கேட்கவில்லை. மிஞ்சியதையெல்லாம் பள்ளித் தோழன் சுரேஸ் தலையில் கட்டினான். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன் சுரேஸ். அவன் அந்தச் சீடிகளை நூலில் கோத்துத் தன் போஞ்சிப் பாத்தியில் தொங்கவிட்டான். வெயில் பட்டால் பளபளக்கும், குருவி கிட்ட வராது. “ஒன் பாட்டு நல்லா வேலை செய்யுது மச்சான்” என்று போகும்போதும் வரும்போதும் சொல்லுவான். ஜெயரூபன் அதற்குப் பிறகு மெட்டே போடவில்லை. நெஞ்சில் ஒரு முள் மாதிரி அது கிடந்தது.

இப்போது மனைவி ஜீவராணி கெடு வைத்துவிட்டாள். “இந்த விழாவுல எடுபட்டா சரி. இல்லாட்டி எங்க அண்ணன் ஹாட்வெயார் கடையில கதிரை காலியாக் கெடக்கு. ஆணி நிறுக்கிறதுக்குச் சுருதிப் பெட்டி தேவையில்ல.” அந்தக் கதிரை ஜெயரூபனுக்குக் கனவிலும் வர ஆரம்பித்திருந்தது. கனவில் அவன் எழுந்திருக்கப் பார்ப்பான், முடியாது.

ஆகவே பிணம் வேண்டும்.

“கொஞ்சம் இருங்க. எங்கிட்ட ஒரு ஆளு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான், வயர் இழுக்க வந்திருந்த சுரேஸ். தன் போஞ்சிப் பாத்தியில் நின்ற வைக்கோல் பொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய காற்சட்டை, கிழிந்த சட்டை, தலைக்குப் பானை. கழுத்தில் ‘பனிக்காதல்’ சீடி ஒன்று பதக்கம்போலத் தொங்கியது.

இராக்கம்மா பொம்மையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“வைக்கோலுக்கு எதுக்கு நான் அழணும்? கழுத்துல தொங்குறதப் பாத்தாத்தான் கொஞ்சம் அழுக வருது.”

சுரேஸும் சிந்துஜனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயரூபன் மைக் வயரைச் சுற்றி, பிரித்து, மறுபடியும் சுற்றினான்.

அப்போதுதான் லயத்தின் அடுத்த காம்பரா வீட்டிலிருந்து வீரசிங்கம் மாமா வந்தார். ஜெயரூபனின் தாய்மாமன். ஓய்வுபெற்ற கங்காணி. வேலையில் இருந்த காலத்தில் ஆள் விரட்டிப் பழகியவர், இப்போது விரட்டக் கோழி மட்டுமே மிச்சம். அத்தை பெரியாயி மேல்மலையில் கொழுந்துக்குப் போயிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மாமாவின் கண் விரிந்தது.

“நான் படுத்துக்கிறேன்டா மாப்ள. நான் செத்தா யாரு அழுவா, யாரு அழுவுற மாதிரி நடிப்பான்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை.”

“உசிரோட இருக்கிற ஆள வச்சுப் பாடலாமாக்கா?” என்று ஜெயரூபன் பயந்து பயந்து கேட்டான்.

“நமக்கு ஆளு கெடக்கணும், அவ்வளவுதான். மூச்சு விடுறது அவரு பாடு. பாட்டு தேடிக்கிட்டு வந்தாலும் அட்ரசு தெரிஞ்ச எடத்துக்குத்தானே வரும்” என்றாள் இராக்கம்மா.

மாமாவைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். மாமாவின் முகத்தில் இத்தனை அமைதியை ஜெயரூபன் அதுவரை பார்த்ததே இல்லை.

“கொட்டாவி வந்தா என்ன செய்யிறது?” என்று கட்டிய தாடைக்குள்ளிருந்து கேட்டார்.

“அடக்கிக்கங்க மாமா. ரெடியாக்கா?”

“எங்க ரெடி? தப்பு மேளச் சத்தம் இல்லாம எனக்குத் தொண்ட தெறக்காது.”

தப்பு அடிக்கிறவர்கள் பசறைப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். சிந்துஜன் முதல்முறையாக உற்சாகமானான். “உதுக்கேன் கவலைப்படுறியள்? சாவுத் தப்பு என்ர கொம்பியூட்டருக்குள்ள இருக்கு” என்று ஒரு விசையை அழுத்தினான்.

வந்தது. ஆனால் மடிக்கணினியிலிருந்து வரவில்லை. தொழில் பக்தி உள்ள சுரேஸ், யாரும் கேட்காமலேயே தன் கூம்பு ஸ்பீக்கரைப் பலாமரத்தில் கட்டி, மலையைப் பார்க்கத் திருப்பி, வயரையும் கொடுத்து வைத்திருந்தான். சாவுத் தப்பு கல்லுமலையில் மோதி, அடுத்த மலையிலும் மோதித் திரும்பி வந்தது.

இராக்கம்மாவுக்குத் தொண்டை திறந்துகொண்டது. முந்தானையை இழுத்துச் செருகி, மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

“பனி மூடிப் போச்சுதய்யா... பாத தெரியலையே...
பாதி வழி வந்தவரே... பைய நடக்கலையே...”

ஜெயரூபனுக்கு மயிர் கூச்செறிந்தது. ஒவ்வொரு வரியையும் அவள் ஒரு மைல் தூரம் இழுத்து, நடுவில் விம்மி, மூக்கைச் சிந்தி, மீண்டும் எடுத்தாள். அந்த இழுவைக்குள்ளே ஒரு மெட்டு ஓடிற்று பாருங்கள். அவன் கை தானாகவே கீபோர்டுக்குப் போயிற்று. இராக்கம்மா அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னால் அவன் விரல் அங்கே போய்க் காத்து நின்றது.

சிந்துஜன் வாயைப் பிளந்தான். “எப்பிடியடா உனக்கு அடுத்த வரி தெரியுது?”

“ரத்தத்துல இருக்கு மச்சான்” என்றான் ஜெயரூபன். “இது எங்க பாட்டன் பூட்டன் பாட்டு. போன பொறப்புலயே கேட்டிருக்கேன்.”

சுரேஸ் மெல்லப் பக்கத்தில் வந்தான். “மச்சான், இந்தப் பாட்டு...”

“ஸ்ஸ்! ரெக்கோடிங்!”

சுரேஸ் தோளைக் குலுக்கிவிட்டுப் பலாமரத்தடிக்குப் போனான்.

இதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. தோட்டத்தில் சாவுத் தப்பு கேட்டால் யார், எவர் என்று விசாரித்துக்கொண்டு நிற்கிற வழக்கம் இல்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். விசாரணையெல்லாம் வருகிற வழியில்தான். குறுக்குப் பாதை, படிக்கட்டு, ரோடு என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வர ஆரம்பித்தது. முதலில் வந்த பெண் மாமாவைப் பார்த்ததும், “ஐயோ, கங்காணியாரே!” என்று இராக்கம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவதாக வந்தவளும் கட்டிக்கொண்டாள். ஒரு பாட்டுக்காரிக்கு இப்போது பின்னணி கிடைத்துவிட்டது.

“சொல்லிப்போடடா” என்று சிந்துஜன் காதைக் கடித்தான்.

சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டு மலைமாதிரி ஏறிக்கொண்டிருந்தது. இப்போது நிறுத்தினால் இப்படி ஒன்று இன்னொரு முறை கிடைக்காது. ஜெயரூபன் கண்ணை மூடினான். கதிரை தெரிந்தது. கண்ணைத் திறந்துகொண்டான்.

“எப்படிப்பா?” என்று ஒரு பெரியவர் அவன் தோளைத் தொட்டார்.

“மாரடைப்பு” என்றான். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல் அடுத்த நிமிடமே ‘கல்லுமலை உறவுகள்’ வாட்ஸ்அப் குழுவில் மாமாவின் படத்தோடும் மெழுகுவர்த்தியோடும் ஏறிவிட்டது. மாமா சிரிக்கிற படம் யாரிடமும் இல்லாததால், அடையாள அட்டைக்குப் பிடித்த படத்தையே போட்டிருந்தார்கள்.

அதன்பிறகு எல்லாம் அதது பாட்டுக்கு நடந்தது. இளைஞர்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டினார்கள். மரண உதவிச் சங்கம் கதிரையும் தேங்காய் எண்ணெய்யும் இறக்கிற்று. தோட்டத்துரை வேலையை அரைநாளோடு நிறுத்தி, தேயிலையும் பிஸ்கட்டும் அனுப்பினார். முற்றத்தில் இரண்டு இடத்தில் சீட்டு ஆட்டம் தொடங்கியது. “எடுக்கிறது எப்ப?” என்று யாரோ கேட்க, தப்பித்தால் போதும் என்று ஜெயரூபன் “நாளைக்கு” என்றுவிட்டான். உடனே ஒரு கோஷ்டி மண்வெட்டியோடு மயானத்துக்குக் கிளம்பியது.

தொழிற்சங்கத் தலைவர் வந்தார். வரும்போதே தன் முகம் பெரிதாகவும் மாமாவின் முகம் சின்னதாகவும் அச்சடித்த பேனரோடு வந்தார். மைக் ஒன்று நிற்பதைக் கண்டதும் அவருக்குக் கால் நிற்கவில்லை.

“மறைந்த வீரசிங்கம் அவர்கள் தோட்டத் தொழிலாளர்களைத் தன் பிள்ளைகள்போல நேசித்தவர்!” என்று இராக்கம்மாவின் பாட்டுக்கு மேலேயே முழங்கினார்.

கட்டிய தாடையோடு பிணம் லேசாகத் தலையாட்டிற்று. நல்லவேளை, அந்த நேரம் எல்லோரும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தலைவரே, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க” என்று கெஞ்சினான் ஜெயரூபன். “பாட்டு கெடுது.”

“பாட்டா? யோவ், தாய்மாமன் செத்துக் கெடக்கான், ஒனக்குப் பாட்டு கேக்குதா?”

அப்போதுதான் மேல்மலையிலிருந்து பெரியாயி வந்து சேர்ந்தாள். தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், மாமாவின் மேல் விழப்போய், அவருடைய மூக்குக்குக் கிட்டப் போனதும் நின்றாள். வெற்றிலை வாசத்தோடு மூச்சு வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து இராக்கம்மாவைப் பார்த்தாள். இராக்கம்மா ஒரு கண்ணைச் சிமிட்டினாள். பிறகு ஜெயரூபனைப் பார்த்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

பெரியாயி யோசித்தாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு கிடந்து அவள் பார்த்ததில்லை. அதுவும் ஊரே கூடி நிற்கிற இடத்தில், தாடையைக் கட்டிக்கொண்டு! இந்தச் சந்தர்ப்பத்தை விடுகிறவள் பெண்ணா?

மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“கறியில உப்பில்லன்னு... கலயத்தப் போட்டுடைச்ச ராசாவே...
எங்காத்தா சாவுக்குமே... என்ன அனுப்பாத மகராசா...”

பெண்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. அவரவர் வீட்டுக் கலயம் அவரவருக்கு நினைவு வந்திருக்கும். பெரியாயி விளையாட்டாகத்தான் தொடங்கினாள். ஆத்தா என்ற சொல் வந்ததும் நிஜமாகவே அழுதுவிட்டாள். மாமாவின் நெற்றிக் காசு மெல்ல ஆடத் தொடங்கியது.

“நான் வளத்த வெள்ளாட்ட... நடுச்சாமம் வித்துப்புட்டு...
நரி தூக்கிப் போச்சுதுன்னு... நாடகம் ஆடினீரே...”

“பொய்!”

பிணம் எழுந்து உட்கார்ந்திருந்தது. தாடைத் துணி கழன்று தோளில் விழுந்தது. “பொய்டீ! நரிதான் தூக்கிச்சு!”

ஒரு கணம் தப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் முற்றம் காலி. சீட்டு பறந்தது, கதிரை உருண்டது. தலைவர் தன் பேனரையே போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிக்குள் பாய்ந்தார். மயானத்தில் குழி வெட்டியவர்களுக்கு ஆள் போய்ச் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை, வெட்டி முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். தோட்டம் முழுக்க ஜெயரூபனைத் திட்டிற்று. தலைவர் இனி அவன் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்.

ஆனால் பாட்டு கிடைத்துவிட்டது.

புறப்படும்போது இராக்கம்மாவிடம் கேட்டான். “இது எவ்வளவு பழைய பாட்டுக்கா?”

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “ரொம்ப நாளாப் பாடுறேன். ஒங்களுக்குத் தெரியாதா தம்பி?”

என்ன தன்னடக்கம், என்று ஜெயரூபன் நெகிழ்ந்துபோனான். “தெரியும்கா. நம்ம ரத்தத்துல இருக்கிறதுதானே” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பதுளையில் சிந்துஜன் இருந்து ஒட்டினான், வெட்டினான், கிட்டாரும் கடல் அலையும் சேர்த்தான். மலைநாட்டில் கடல் எதற்கு என்று கேட்டால், “வெளிநாட்டுக்காரருக்கு அலை கேட்டால்தான் அழுகை வரும்” என்றான். மாமாவின் “பொய்!” மட்டும் எந்த வெட்டுக்கும் அகப்படாமல் பாட்டின் முடிவில் நின்றுவிட்டது. பாட்டு இணையத்தில் ஏறியதும் சனம் பிடித்துக்கொண்டது. ஒரு வார இதழில் விமர்சகர் ஒருவர் எழுதினார்: “இறுதியில் ஒலிக்கும் அந்த ‘பொய்’ என்ற ஒற்றைக் குரல், வாழ்வே மாயை என்னும் மலையக மூதாதையரின் ஆழ்ந்த தத்துவ தரிசனம்.” பெரியாயி அத்தைக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். “ஆட்ட வித்ததும் தத்துவமா?” என்று கேட்டாள்.

எல்ல ஊர் விழாவன்று புல்தரை நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஜீவராணி பட்டுச்சேலையில் இருந்தாள். பக்கத்தில் ஹாட்வெயார் அண்ணன். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவர், இராக்கம்மா பாடி முடிக்கிறபோது காலை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலில் கதிரை நொறுங்கிய சத்தம் ஜெயரூபனுக்குத் தெளிவாகக் கேட்டது.

நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆர்த்திகா, பரம்பரை இசைக்கான முதல் விருது ‘ஊவா வேர்’ குழுவுக்கே என்று அறிவித்தாள். ஜெயரூபன் விருதை வாங்கி, மைக்கைப் பிடித்தான்.

“நானும் ஒரு காலத்தில் சொந்தமாக மெட்டுப் போட்டவன்தான்” என்றான். “வெட்கத்தோடு சொல்கிறேன், அதெல்லாம் குப்பை. குருவி விரட்டத்தான் உதவும். தனி மனிதன் ஒருவனால் இப்படி ஒரு மெட்டைப் போடவே முடியாது. நூற்றாண்டுகளின் கண்ணீர் வேண்டும். அது இருந்தது என் மூதாதையரிடம்தான்.”

மீண்டும் கைதட்டல். ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்சர் மேசைக்குப் பின்னால் நின்ற சுரேஸ், மேடையைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். சத்தம் கூடிவிட்டது என்கிறான்போல, என்று நினைத்து ஜெயரூபன் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

ஆர்த்திகா இராக்கம்மாவை மறுபடியும் மேடைக்கு அழைத்து, தோளை அணைத்துக்கொண்டாள். “அம்மா, எத்தனை தலைமுறையா இந்தப் பாட்டு உங்களிட்ட வருது? யார் உங்களுக்குச் சொல்லித் தந்தவை?”

இராக்கம்மா ஜெயரூபனைப் பார்த்தாள். “சொல்லட்டுமா தம்பி?”

“சொல்லுங்கக்கா. ஊருக்கே சொல்லுங்க” என்று மார்பை நிமிர்த்தினான் அவன்.

“தலமொறையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சாவு வீட்டுக்குச் சாவு வீடு அந்தத் தம்பி ஸ்பீக்கர் பெட்டியில போடுவாரு. கேட்டுக் கேட்டுப் புடிச்சிக்கிட்டேன். சொல்லு மட்டும் நான் மாத்திக்கிட்டது” என்று அவள் மிக்சர் மேசையைக் கைகாட்டினாள்.

புல்தரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுரேஸ் தலையைச் சொறிந்துகொண்டே தன் முன்னால் இருந்த மைக்கை எடுத்தான்.

“நீ குடுத்த ‘பனிக்காதல்’ சீடிதான் மச்சான். கல்யாண வீட்டுல போட்டா அடிக்க வந்தாங்க, சாவு வீட்டுலதான் யாரும் நிப்பாட்டச் சொல்லல.”